காய்ச்சல் விட்டது, மூச்சு வரவில்லை: ஒரு மீன்கார அக்காவின் 10 மாதங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஏற மூன்றே படிதான். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள், இரண்டாவது படியிலேயே ஒரு அக்கா நின்றுவிட்டார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை முட்டியில் ஊன்றி, வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கூட வந்த மகன் முதுகைத் தடவிவிட்டான். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் பேச்சு வர இரண்டு நிமிஷம் ஆனது.

"காய்ச்சல் போயி ஒன்றரை மாசம் ஆவுது தம்பி. மூச்சு மேலயே நிக்குது. உள்ள எறங்க மாட்டேங்குது."

வயது 46. ஊர் தேவனாம்பட்டினம். இருபது வருஷத்துக்கு மேலாக மீன் வியாபாரம். விடியற்காலையில் கடலூர் 'ஓடி'க்கு (ஓல்டு டவுன், அதாவது முதுநகர்) போய்த் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் மஞ்சக்குப்பம் வந்து, சும்மாடு வைத்து அன்னக்கூடையைத் தலையில் தூக்கி, தெருத்தெருவாகக் கூவி விற்பவர். கூடை நிறைந்திருந்தால் ஐஸோடு சேர்த்து 15 கிலோ வரும். தினமும் நாலைந்து கிலோமீட்டர் நடை. பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. இதற்கு முன் ஆஸ்துமா இருந்ததில்லை. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். மருந்து, ஸ்கேன் சம்பந்தமான முடிவுகளை எல்லாம் எடுத்தவர் அவரைப் பார்த்த நெஞ்சக மருத்துவர். என் கண்ணில் பட்டதையும், நாங்கள் சேர்ந்து செய்ததையும், எங்கே தவறினேன் என்பதையும் இங்கே வைக்கிறேன். கடும் ஃப்ளூவிலிருந்து மீண்ட பிறகும் இரைப்போடு வாழ்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இரைப்பு மொத்தத்துக்கும் 'நெஞ்சுச் சளி' என்று ஒரே பெயர், ஒரே மருந்து. இந்த அக்காவுக்கும் அதுதான் நடந்தது.

நோய் வந்த விதம்

நவம்பர் இரண்டாவது வாரம், விட்டு விட்டு மழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஃப்ளூ நம் பக்கம் தலைதூக்குவது வழக்கம். முதல் நாள் உடம்பு வலி, தொண்டை கரகரப்பு, ராத்திரி 103 டிகிரி காய்ச்சல். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் மீனுக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் தெருப்பக்கம் ஒருவரிடம் ஊசி. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கவும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஐந்தாம் நாள் விடியும்போது படுக்க முடியவில்லை, உதடு கறுத்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிப்போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் விரலில் கிளிப் போட்டபோது ஆக்சிஜன் அளவு 82.

தொண்டைச் சளியைச் சோதித்ததில் இன்ஃப்ளுயன்சா ஏ, எச்1என்1. 2009-ல் உலகம் முழுக்கப் பரவி, நம் ஊரில் 'பன்றிக்காய்ச்சல்' என்று பெயர் வாங்கிய அதே வகைதான். இப்போது அது வருஷா வருஷம் சுற்றிவரும் பருவகால ஃப்ளூக்களில் ஒன்றாகிவிட்டது. ஒசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன். இவருக்கு ஐந்தாம் நாள் தொடங்கினார்கள். நிலை மோசமானவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பதுண்டு. இரண்டு நுரையீரலின் கீழ்ப்பகுதியும் பாதிப்பு. ஐசியூவில் 7 நாள், மூக்கு வழியாக அதிவேக ஆக்சிஜன். குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கும் அளவுக்குப் போகவில்லை. அங்கேதான் சர்க்கரை நோய் இருப்பதும் முதன்முதலாகத் தெரிந்தது. ஃப்ளூ முற்றுவதற்கு சர்க்கரை ஒரு முக்கியக் காரணம். அது இருப்பதே தெரியாமல் எத்தனை வருஷம் ஓடியதோ.

15 நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிரைக் காப்பாற்றியது அந்த ஆஸ்பத்திரிதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கையில் கொடுத்த தாளில் 'காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் இல்லாமல் 95, நலம்' என்பதோடு முடிந்துவிட்டது. இன்னும் எத்தனை மாதம் மூச்சு வாங்கும், எப்போது வேலைக்குப் போகலாம், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு வாரம் ஐசியூவில் கிடந்தவரை இப்படி அனுப்பினால் சிகிச்சையை நடுவழியில் விட்டதாகத்தான் அர்த்தம். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் பை

முதல் நாள் அவர் கொண்டுவந்த மருந்துப் பையை மேஜைமேல் கொட்டச் சொன்னேன். இருமல் டானிக் மூன்று, மூன்றும் வேறு வேறு நிறம். ஆன்டிபயாட்டிக் அட்டை இரண்டு. ஸ்டீராய்டு மாத்திரை அட்டைகள். ஒரு முறை எழுதிக்கொடுத்த பழைய சீட்டைக் காட்டி, கடையில் மூன்று தடவை அதையே வாங்கியிருக்கிறார். போட்ட நாட்களில் மூச்சு லேசானதாம். சர்க்கரையைப் பார்த்தால் சாப்பாட்டுக்குப் பின் 312.

பையின் அடியில், பெட்டியைக்கூடப் பிரிக்காத ஒரு ரோட்டாஹேலர். அதனோடு சேர்த்து எழுதிய கேப்சூல் டப்பா மட்டும் பாதி காலி.

"இதுல இருந்த கேப்சூல் எங்கக்கா?"

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சோறு தின்னுட்டுத் தண்ணி ஊத்தி முழுங்கறேன் தம்பி. ஒண்ணும் கேக்கல."

மூன்று வாரமாக, இழுக்க வேண்டிய மருந்தை விழுங்கியிருக்கிறார். அந்தப் பிளாஸ்டிக் கருவி எதற்கு என்று கேட்டதற்கு, "அது மோசமானா வெக்கிறதுன்னு நெனச்சேன்" என்றார். எழுதியவர் காட்டவில்லை, விற்றவரும் காட்டவில்லை. கேப்சூல் என்றால் விழுங்குவது என்றுதான் யாருக்கும் தோன்றும். இதில் அவர் தப்பு எள்ளளவும் கிடையாது. இவர் ஒருவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதெல்லாம் இன்ஹேலர் எழுதப்பட்ட யார் வந்தாலும் "எப்படிப் போட்டுக்கறீங்க, செஞ்சு காட்டுங்க" என்பதுதான் என் முதல் கேள்வி.

அன்றைக்கு வேறு எந்தப் பயிற்சியும் தொடங்கவில்லை. அரை மணி நேரம் இதுவே. கேப்சூலை ஓட்டையில் செருகணும், கருவியைத் திருகணும், 'டக்'கென்று உடையும். மூச்சை வெளியே முழுக்க விடணும், ஆனால் கருவிக்குள் ஊதக் கூடாது. உதட்டை இறுக்கி மூடி, பலமாக ஒரே இழுப்பு. அப்புறம் மனசுக்குள் பத்து எண்ணும் வரை உள்ளேயே பிடித்து வைக்கணும். பொடி மிச்சம் இருந்தால் இன்னொரு இழுப்பு. கடைசியாக வாயைக் கொப்பளித்துத் துப்பணும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும். முதல் தடவை கருவிக்குள் ஊதிவிட்டார், பொடியெல்லாம் முகத்தில். ஐந்தாவது தடவை சரியாக வந்தது. "இனிப்பாட்டம் இருக்குதே" என்றார். பொடியோடு கலந்திருக்கும் லாக்டோஸின் ருசி அது. அந்த ருசி தெரிந்தால் மருந்து வாய்க்குள் வந்துவிட்டது என்று சொன்னேன்.

'இதைப் பழகினா விட முடியாது' என்ற பயமும் இருந்தது. பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அவர் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரை உடம்பு முழுக்கப் போகும், சர்க்கரையை ஏற்றும், தொடைத் தசையைக் கரைக்கும். இழுக்கும் மருந்தின் அளவோ மைக்ரோகிராம் கணக்கு, போய்ச்சேருவதும் பெரும்பாலும் மூச்சுக்குழாய்க்குத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் புரிந்துகொண்டார். கடை மாத்திரையை மட்டும் நானாக நிறுத்தச் சொல்லவில்லை. பல நாள் ஸ்டீராய்டு போட்டவர்கள் திடீரென்று நிறுத்துவது ஆபத்தாக முடியலாம் என்பதால் அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன்.

எந்த இரைப்பு எங்கிருந்து வருகிறது

நெஞ்சக மருத்துவர் அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பிச் சில சோதனைகள் எடுக்கச் சொன்னார். பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். அதற்கே அவருக்கு இரண்டு நாள் ஓய்வு வேண்டியிருந்தது. முடிவுகள் வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

முதலில், மூச்சுக்குழாய். ஃப்ளூ கிருமி மூச்சுக்குழாயின் உள்தோலை உரித்துவிடும். சளியை மேலே தள்ளும் நுண்ணிழைகளும் அதோடு போய்விடும். அது திரும்ப முளைக்கப் பல வாரம் ஆகும். அதுவரை அடியில் உள்ள நரம்புகள் காவல் இல்லாத வயல் மாதிரி. குளிர்காற்று, புகை, சிரிப்பு, ஏன், வேகமாகப் பேசினால்கூட இருமல் கிளம்பும். ஃப்ளூவுக்குப் பிறகு மூன்று முதல் எட்டு வாரம் வரை இப்படி வறட்டு இருமல் நீடிப்பது சாதாரணம். எட்டு வாரம் தாண்டினால் காரணம் தேடியாக வேண்டும். சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கி இழுப்பும் சேரும். இவருக்கு ஊதிப் பார்க்கும் சோதனையில், ஒரு நொடியில் வெளியேறிய காற்று 1.28 லிட்டர். மருந்து கொடுத்த பிறகு 1.50. அதாவது 220 மில்லி ஏற்றம், 17 சதவீதம். 12 சதவீதமும் 200 மில்லியும் தாண்டினால் மூச்சுக்குழாய் மருந்துக்கு இணங்குகிறது என்று கணக்கு. விழுங்கிய கேப்சூல் செய்ய முடியாததை இழுத்த மருந்து செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்தது, நுரையீரலின் ஆழம். மொத்தக் கொள்ளளவு, அவர் வயசுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 68 சதவீதம். காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன் 58 சதவீதம். சிடி ஸ்கேனில் கீழ்ப்பகுதியில் புகை படிந்த கண்ணாடி போலத் திட்டுகளும், சில மெல்லிய தழும்புக் கோடுகளும். மார்பு எக்ஸ்ரே 'கிட்டத்தட்ட நார்மல்' என்று வந்ததும் இதே மாதத்தில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "உனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லப்பட்டவர் இவர். இந்தத் திட்டுகள் பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கரையும். கொஞ்சம் தழும்பு தங்கிவிடவும் கூடும்.

மூன்றாவதை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன்: தசை. 58 கிலோ இருந்தவர் 51-க்கு வந்திருந்தார். படுக்கை, காய்ச்சல், ஸ்டீராய்டு, சர்க்கரை நாலும் சேர்ந்து தொடையை உருக்கிவிட்டன. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழ முடியும் என்று பார்த்தால் 7. தசை வலுவிழந்தால் அதே வேலைக்கு அதிக ஆக்சிஜன் கேட்கும். அந்தக் கடனை நுரையீரல்தான் கட்ட வேண்டும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.2. இது ஃப்ளூவுக்கு முன்பே இருந்திருக்கும். சோகையும் மூச்சு வாங்க வைக்கும். இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்ததில் கோளாறு இல்லை. காலில் வீக்கம் இல்லை, ரத்தக்கட்டுக்கான அறிகுறியும் இல்லை.

கடைசியாக, மூச்சு விடும் முறை. ஐசியூவில் திணறியவர்கள் உடம்பு அதை மறக்காது. தோளைத் தூக்கி, நெஞ்சின் மேல்பகுதியால், வாய் வழியாக, நிமிஷத்துக்கு 28 தடவை மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வயிறு அசையவே இல்லை. 'மேலயே நிக்குது' என்று அவர் சொன்னது வர்ணனை இல்லை, அச்சு அசலான உண்மை.

காசநோய்ப் பேச்சையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிச் சோதனை எடுத்தே ஆகணும், அது சரியான வழக்கம். டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், காசநோய் இல்லை. ஆனால் அந்த முடிவு தெருவுக்குத் தெரியவில்லை. இருமிக்கொண்டே மீன் வெட்டுகிறவரிடம் யார் வாங்குவார்கள்? வாடிக்கை வீடுகள் கதவைச் சாத்தின. "டீக்கடையில எனக்கு மட்டும் பேப்பர் கப்பு தம்பி" என்று சொன்னபோதுதான் முதல் தடவையாக அழுதார். இதை அவர் சொன்னது ஐந்தாவது வாரம். முதல் வாரமே நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆறு நிமிஷ நடை

இந்தச் சோதனைக்கு 30 மீட்டர் நேரான தரை வேண்டும். என் கிளினிக்கில் 9 மீட்டர்தான். பக்கத்துக் கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் அண்ணன் முகூர்த்தம் இல்லாத நாட்களில் வராந்தாவைத் திறந்துவிடுவார், அவர் புண்ணியத்தில் நடத்துகிறேன். அக்கா நடந்தது 264 மீட்டர், நடுவில் ஒரு முறை சுவரைப் பிடித்து நின்றார். ஆக்சிஜன் 96-லிருந்து 89-க்கு இறங்கியது. உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டுவதை வைத்து மட்டும் ஒருவரை 'சரியாயிட்டார்' என்று சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நடை.

அன்றைக்கே நாங்கள் இன்னொரு அளவும் வைத்துக்கொண்டோம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவு. "தெருவுல எப்படிக் கூவுவீங்க?" என்றேன். முன்பெல்லாம் ஒரே மூச்சில் 'சங்கரா, நெத்திலி, மத்தி, கவலை, காரப்பொடி, பாறை, வஞ்சிரம்...' என்று பத்துப் பதினொன்று மீன் சொல்வாராம். அன்றைக்கு மூன்றாவது மீனில் மூச்சு நின்று இருமல் பிடித்துக்கொண்டது. குறிப்பேட்டில் '3 மீன்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் மீட்டரோடு மீனையும் எழுதினோம். ஆறு நிமிஷ நடையைவிட அவருக்கு அதுதான் முக்கியம்.

எட்டு வாரம்

வாரம் இரண்டு நாள் கிளினிக், மற்ற நாள் வீட்டில். முதல் பத்து நாள் மூச்சு மட்டும்தான். படுத்துக்கொண்டு, வயிற்றில் ஒரு கையும் நெஞ்சில் ஒரு கையும் வைத்து, மூக்கு வழியாக இழுத்து வயிற்றுக் கையை எழுப்புவது. சூடான டீயை ஆற்றுவது மாதிரி உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் ஊதுவது. இரைப்பு வந்தால் திண்ணையிலோ சுவரிலோ கையை ஊன்றி முன்னால் சாய்ந்து நிற்பது. முன்னால் சாயும்போது உதரவிதானத்துக்கு இடம் கிடைக்கும், ஊன்றிய கை தோள் தசைக்குத் தாங்கல் கொடுக்கும். கிளினிக் படியில் அவர் தானாகவே செய்ததும் இதைத்தான், உடம்புக்கே தெரிந்திருக்கிறது. சளியைக் காறிக் காறித் தொண்டையைப் புண்ணாக்காமல், கண்ணாடிமேல் ஆவி பிடிக்க வைப்பது போல 'ஹா' என்று ஊதி மேலே கொண்டுவருவது.

அப்புறம் நடை. இரண்டு நிமிஷம் நட, ஒரு நிமிஷம் நில். ஆக்சிஜன் 88-க்குக் கீழே போனால் நிறுத்து. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, குதிகாலைத் தூக்குவது, அரை லிட்டர் தண்ணி பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குவது. தினமும் முட்டை, மீன், பயறு. மீன் விற்கிறவர் வீட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை என்று நினைப்போம். விற்காமல் போனதுதான் வீட்டுக்கு வரும், வியாபாரமே நின்றுபோனபோது அதுவும் இல்லை. சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை. "தூதுவளை ரசம் வெச்சுக் குடிக்கறேன், கூடாதா?" என்று கேட்டார். தாராளமாகக் குடிக்கச் சொன்னேன். தைலம் போட்டு மூன்று வேளை ஆவி பிடிப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னேன். அந்த நெடியே இவருக்கு இருமலைக் கிளப்பியது.

போகிக்கு முதல் நாளே எச்சரித்திருந்தேன், ஆனால் புகையிடம் தப்பிக்க ஊரில் இடம் ஏது. தெருமுனையில் பழைய டயரைக் கொளுத்தியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க இழுப்பு. பொங்கல் அன்று நெபுலைசர். அதற்குப் பிறகுதான் வீட்டுப் புகையைப் பற்றி முழுதாகப் பேசினோம். கேஸ் அடுப்பு இருந்தும், மீன் குழம்புக்கும் வெந்நீருக்கும் பின்கட்டில் விறகு. ராத்திரி தலைமாட்டில் கொசுவத்தி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி. கொசுவத்திக்குப் பதில் வலை கட்டினார்கள். விறகடுப்பை மருமகள் முற்றத்துக்கு மாற்றினாள். வெந்நீர் கேஸுக்கு வந்தது. சாம்பிராணியை விட அவருக்கு மனசில்லை. அவர் கடற்கரைப் பக்கம் போயிருக்கும் நேரத்தில் மருமகள் போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று.

மூன்றாவது வாரம் என் தவறு. ஆக்சிஜன் 91-க்குக் கீழே போகவில்லை என்ற உற்சாகத்தில் ஒரே நாளில் நடையை இரட்டிப்பாக்கினேன். அன்றைக்கு நன்றாகவே நடந்தார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் எழுந்திருக்கவே முடியவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு இன்றைய உழைப்பின் விலை நாளைக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு, முந்தின நாள் நடைக்கு மறுநாள் காலையில் எப்படி இருந்தது என்று கேட்காமல் ஒரு நிமிஷம்கூட ஏற்றவில்லை.

இன்னொரு சம்பவம். பிப்ரவரியில் விடியற்காலை ஆறு மணிக்கு போன். "தம்பி, 84 காட்டுது!" குரலில் நடுக்கம். எங்கே இருக்கிறீர்கள் என்றால் துறைமுகத்தில். மகனுக்குத் துணையாக மீன் பார்க்கப் போனவர், ஐஸில் கை விட்டு எடுத்த கையோடு கிளிப்பை மாட்டியிருக்கிறார். விரல் சில்லிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கருவி தப்பாகக் காட்டும். முந்தானையில் கையைத் துடைத்து, அக்குளில் வைத்துச் சூடாக்கி, ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். போனை வைக்கவில்லை, காத்திருந்தேன். 95. அந்த ஐந்து நிமிஷமும் அவர் ஐசியூ கட்டிலில்தான் இருந்தார் என்று எனக்குப் பட்டது. கிளிப் வாங்கிக் கொடுக்கிற எல்லோரும் இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கணும். சூடான விரலிலும், உட்கார்ந்த நிலையிலும் 92-க்குக் கீழே நிலையாக நின்றால், திரும்பக் காய்ச்சல் வந்தால், சளியில் ரத்தம் வந்தால், ஒரு பக்க நெஞ்சு குத்தினால், ஒரு கால் மட்டும் வீங்கினால் எனக்கு போன் செய்யக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். இதை மகன் போனிலும் எழுதி வைத்தேன்.

அவர் வைத்த குறி மாசி மகம். கடலூரில் அன்றைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பல ஊர் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். "சாமி என் ஊட்டு வாசல் வழியா வந்து, நான் கட்டில்ல படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்?" மணலில் நடப்பது தார் ரோட்டைவிடப் பல மடங்கு சிரமம். இரண்டு வாரம் முன்பிருந்தே சாயங்காலத்தில் ஈரமணலிலும், அப்புறம் காய்ந்த மணலிலும் ஐம்பது ஐம்பது அடியாகப் பழகினோம். மகத்தன்று கூட்டம் சேரும் முன்னே, மாஸ்க் போட்டு, மகன் கையைப் பிடித்துப் போய் அலையில் கால் நனைத்துவிட்டு வந்தார். வழியில் நான்கு இடத்தில் நின்றாராம். வீட்டுக்கு வந்ததும் போன் போட்டு அதைத்தான் முதலில் சொன்னார், எங்கெங்கே நின்றேன் என்று.

எட்டாவது வார முடிவில் நடை 348 மீட்டர், ஆக்சிஜன் இறக்கம் 92 வரைக்கும்தான். நாற்காலியிலிருந்து எழுவது 11. எடை 54. மீன் 6.

கூடை

வேலைக்குத் திரும்புவதுதான் கடினம். தலையில் கூடை என்றால் ஒரு கை எப்போதும் மேலே. தோள் தசைகள் கையைத் தாங்கப் போய்விடும், மூச்சுக்கு உதவ மிச்சம் இருக்காது. இரைப்பு உள்ளவர்கள் துணி காயப்போடும்போதும் தலை வாரும்போதும் மூச்சு வாங்குவது இதனால்தான். கூடையைத் தூக்கும் நொடியில் தம் கட்டும் பழக்கம் வேறு. வெறும் அன்னக்கூடையை கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லி, தூக்கும்போது மூச்சை ஊதிக்கொண்டே தூக்கப் பழக்கினேன். பிறகு 2 கிலோ, 4 கிலோ அரிசி. 6 கிலோவில் ஆக்சிஜன் 88. அங்கேயே நிறுத்தினேன்.

தலைச்சுமை இனி வேண்டாம் என்று சொல்வது எனக்கு எளிது. அவருக்கு அது இருபது வருஷப் பிழைப்பு. இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகாது, ஜூன் 14 வரை. ஓடியில் வரத்து குறைந்து போக, நாட்டுப்படகு மீன் மட்டும்தான். அந்த இரண்டு மாதத்தில் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். மகன் டிவிஎஸ் எக்ஸெல்லில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட, மஞ்சக்குப்பத்தில் ஒரு தெருமுனையில், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து விற்பது. பழைய வாடிக்கைத் தெருக்களுக்குக் கூடையில் 3 கிலோ மட்டும், இடுப்பில் வைத்து. நடக்கும்போது கூவுவதில்லை. நின்று, மூச்சை ஊதி, பிறகு கூவி, அப்புறம் நடப்பது. இந்த வரிசை மட்டும் நான் சொல்லிக் கொடுத்தது. ஐஸ் பெட்டியைத் திறக்கும்போது முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்கிறார். அந்தக் குளிர் ஆவி நேராக உள்ளே போனால் இன்றைக்கும் இருமல் வருகிறது.

காசநோய் இல்லை என்ற தாளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார். ஜூலையில் ஒரு வாடிக்கை வீட்டில் அதைப் பிரித்துக் காட்டியதாகச் சொன்னார். எனக்கு அது வேதனையாக இருந்தது. அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

இப்போது

செப்டம்பரில் திரும்பச் சோதித்தோம். கொள்ளளவு 82 சதவீதம். வாயு கடக்கும் திறன் 70. ஸ்கேனில் திட்டுகள் கரைந்துவிட்டன, மெல்லிய கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஆறு நிமிஷத்தில் 402 மீட்டர், நிற்காமல். ஹீமோகுளோபின் 11.4. மீன் 9. இழுக்கும் மருந்தின் அளவை மருத்துவர் பாதியாகக் குறைத்திருக்கிறார். முழுசாக நிறுத்துவதை மழைக்காலம் தாண்டிப் பார்க்கலாம் என்றார். கோடுகள் போகுமா என்று அக்கா கேட்டபோது, போகாமலும் இருக்கலாம், அதோடும் நன்றாக வாழலாம் என்று மருத்துவர் நேராகவே சொன்னார். இரண்டு மாடி ஏறினால் இன்னும் இரைக்கிறது. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருகின்றன, ஆனால் கெட்ட நாள் வந்தால் இப்போது அவருக்கு எந்த இரைப்பு என்று பிரித்துச் சொல்லத் தெரிகிறது. "இது புகை இரைப்பு தம்பி, மருந்து இழுத்தாச்சு." "இது நேத்து அலைஞ்ச இரைப்பு, படுத்தா சரியாப்பூடும்."

மழைக்கு முன்னாலேயே ஃப்ளூ தடுப்பூசி போட்டாயிற்று. கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போட வேண்டும், பலன் பிடிக்க இரண்டு வாரம் ஆகும் என்பதால் ஐப்பசி வரை காத்திருக்கவில்லை. நிமோனியா தடுப்பூசியும் மருத்துவர் போட்டுவிட்டார். மகனுக்கும் மருமகளுக்கும் சேர்த்து ஃப்ளூ ஊசி போட்டது அக்காவின் பிடிவாதம்.

தடுப்பூசி போட்ட மறுவாரம், அவர் தெருப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று படியையும் அவர் முதலில் ஏறி, மேலே நின்று பெரியவருக்குக் கை கொடுத்தார். அந்தப் பெரியவர் சட்டைப்பையில் ஒரு கேப்சூல் டப்பா, பெட்டி பிரிக்காத ஒரு ரோட்டாஹேலர். நான் வாயைத் திறக்கும் முன் அக்காவே அதைப் பிரித்து, கேப்சூலைச் செருகித் திருகி, "இந்தா மாமா, மொதல்ல மூச்ச வெளிய வுடு, இதுக்குள்ள ஊதிடாத" என்று ஆரம்பித்துவிட்டார். பெரியவர் இழுத்தார், உடனே மூச்சை விட்டுவிட்டார்.

"பத்து எண்ணணும் மாமா" என்று சொல்லிவிட்டு, அக்கா தன் விரலை மடக்கி மெதுவாக எண்ண ஆரம்பித்தார்.